ஒன்பதாம் வள்ளல்

பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். இப்படி ஏழு பேரைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். எட்டாம் இடம் தமிழ்நாட்டில் எப்போதோ நிரம்பிவிட்டது. யாரால் என்று கேட்பவர் இந்த ஊர்க்காரராக இருக்க முடியாது. ஒன்பதாம் இடம்தான் இன்னும் காலி. அதற்கு ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் நகரத்து ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தை முன்மொழிகிறேன்.

நட்சத்திர ஓட்டல் அரங்குகளில் ‘நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு’ என்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள் இந்தப் பெயரை ஏன் உச்சரிப்பதே இல்லை என்று எனக்குப் புரியவில்லை. பொறாமையாகத்தான் இருக்கும். நம் ஊரில் இந்தப் பொறுப்பைச் சட்டம் போட்டு வரவழைக்க வேண்டியிருந்தது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 135-ஆம் பிரிவு: நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய், இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை ஊருக்குச் செலவிட வேண்டும். அந்த இரண்டைக் கொடுப்பதற்குள் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர், ஒரு மாவட்ட அதிகாரி, பரிசு வாங்கப் பிடித்துவந்து வெயிலில் நிறுத்திய நாற்பது பிள்ளைகள். ஃபோக்ஸ்வேகன் இப்படிப்பட்ட சில்லறை வேலை எதுவும் செய்யவில்லை. உலகத்தின் காற்றுக்காக அது இதுவரை கொடுத்திருக்கும் தொகை 3,000 கோடி யூரோவுக்கு மேல். கொடுத்ததெல்லாம் நீதிமன்றம் சொல்லித்தான் என்று குறை சொல்வார்கள். நம்மவர்கள் கொடுப்பதும் சட்டம் சொல்லித்தானே?

நிறுவனத்தின் தகுதியை நானாக இட்டுக்கட்டவில்லை. 2018-க்குள் உலகிலேயே மிக வெற்றிகரமான, மிகக் கவர்ச்சியான, சுற்றுச்சூழலை மிகவும் பேணுகிற கார் நிறுவனமாக வேண்டும் என்று அவர்கள் திட்டமே வகுத்திருந்தார்கள். எடுத்த காரியத்தைக் கெடுவுக்கு முன்பே முடிப்பவர்கள் ஜெர்மானியர்கள். 2015-இன் முதல் பாதியில் விற்பனையில் டொயோட்டாவை முந்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பொறுப்புள்ள நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்கும் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் கார் நிறுவனங்களுக்குள் முதலிடம் பிடித்தார்கள். மொத்த மதிப்பெண் 91. நடத்தை விதி, சட்டத்துக்குக் கட்டுப்படுதல், ஊழல் தடுப்பு, பருவநிலைத் திட்டம் ஆகியவற்றில் நூற்றுக்கு நூறு. மதிப்பெண் பட்டியல் வந்து சில நாள் கழித்து, செப்டம்பர் 18 அன்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கடிதம் அனுப்பியது. அந்த நாட்டில் ஓடும் 4,82,000 டீசல் கார்கள் அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்குகின்றன, அதை மறைக்க ஒரு மென்பொருள் இருக்கிறது என்பது கடிதத்தின் சாரம். உலகம் முழுக்க 1.1 கோடி கார்களில் அது இருப்பதாக நிறுவனமே சில நாளில் சொல்லிவிட்டது. அக்டோபர் 6 முதல் குறியீட்டிலிருந்து பெயரை நீக்கினார்கள். என்னைக் கேட்டால் அது அவசரம். மதிப்பெண் போட்டவர்கள் ஆவணங்களைப் பார்த்துப் போட்டார்கள். ஆவணங்களில் ஒரு பிழையும் இல்லை. புகை வந்தது வேறொரு குழாயிலிருந்து.

அந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மனிதர்கள் எழுதிய நிரல்களில் இவ்வளவு நாசூக்கு தெரிந்த நிரல் அபூர்வம். டீசல் எஞ்சினில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் போனால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், கரித்துகள் வடிகட்டி சீக்கிரம் தேயும். யூரியாக் கரைசல் ஊற்றும் ஏற்பாடென்றால் தனித் தொட்டி, தனிச் செலவு. வாடிக்கையாளருக்கு மைலேஜ் வேண்டும், அரசுக்குச் சுத்தமான புகை வேண்டும், கணக்குப் பிள்ளைக்கு மலிவான பாகம் வேண்டும். மூவரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது என்று மற்றவர்கள் கையை விரித்தபோது, மூவரையும் வெவ்வேறு நேரத்தில் திருப்திப்படுத்தலாமே என்று வோல்ஃப்ஸ்பர்க்கில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. சோதனைக் கூடத்தில் கார் உருளைமேல் நிற்கும். சக்கரம் சுற்றும், ஸ்டீயரிங் அசையாது. வேகம் கூடுவதும் குறைவதும் விதிப்புத்தகத்தில் எழுதியபடியே நடக்கும். இதையெல்லாம் கவனித்து, ‘பெரியவர்கள் பார்க்கிறார்கள்’ என்று கார் புரிந்துகொள்ளும். உடனே சுத்திகரிப்பு முழுமூச்சாக வேலை செய்யும். சாலையில் இறங்கி ஸ்டீயரிங் திரும்பியதும், ‘இனி நம்ம ஆட்கள்தான்’ என்று தளர்ந்துகொள்ளும். ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் துறை வருஷம் முழுக்கச் செய்கிற வேலையை ஒரு சில்லுக்குள் அடக்கிவிட்டார்கள். அதற்குச் சம்பளமும் கிடையாது, ஆண்டறிக்கை அச்சடிக்கும் செலவும் கிடையாது.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. அதைத் தீர்த்த விதம்தான் என்னை மேலும் கவர்ந்தது. சில கார்கள் குழம்பிப்போய், சாலையிலும் சோதனைக் கூடத்தில் இருப்பதாக நினைத்து ஒழுங்காக நடந்துகொண்டன. ஒழுங்காக நடந்தால் பாகங்கள் கெட்டுப்போகும் அல்லவா? கெட்டன. ஆகவே ஸ்டீயரிங் கோணத்தையும் பார்த்து இடமறிந்து நடக்கும்படி மென்பொருளைத் திருத்தினார்கள். ஏற்கெனவே விற்ற கார்களையும் 2014-இல் பணிமனைக்கு வரச்சொல்லி, உங்கள் வண்டி இன்னும் நன்றாக ஓடும் என்று சொல்லி, திருத்தியதை ஏற்றிக் கொடுத்தார்கள். அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனம் ஒப்புக்கொண்ட வாக்குமூலத்திலேயே இது இருக்கிறது. குட்டு வெளிப்படும் நேரத்திலும் விற்பனைக்குப் பிந்தைய சேவையில் குறை வைக்காதவர்கள்.

குட்டை உடைத்தவர்கள் யாரென்று பார்த்தால் மனம் நோகிறது. மேற்கு வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக் குழு. கையில் கிடைத்த நிதியோ அந்த நிறுவனத்தின் விளம்பரச் செலவில் ஒரு தூசு. மூன்று கார்களின் பின்புறம் அளவுக் கருவியைக் கட்டிக்கொண்டு கலிஃபோர்னியாச் சாலைகளில் ஓட்டினார்கள். அவற்றில் ஃபோக்ஸ்வேகனின் பஸாட் காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிப்போய்த் திரும்பினார்கள். பிஎம்டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா 15 முதல் 35 மடங்கு, பஸாட் 5 முதல் 20 மடங்கு. அமெரிக்காவில் ஓடும் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தம் என்று ஐரோப்பாவுக்கு நிரூபிக்கலாம் என்று தொடங்கிய ஆய்வு அது. குழுவில் இருந்த ஒருவரின் பெயர் அரவிந்த் திருவேங்கடம். பெருமாள் பெயரைத் தாங்கிய ஒருவர் அடுத்தவர் வண்டியின் பின்னால் குழாயைச் செருகிப் பார்த்திருக்கிறார். பார்க்காத இடத்தில் பார்ப்பது பண்பா என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குழுத் தலைவர் டேனியல் கார்டரை 2016-இல் டைம் இதழ் செல்வாக்கு மிக்க 100 பேரில் ஒருவராக வேறு சேர்த்துக்கொண்டது.

ஈகைக்கு வருவோம். வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்தவன்தான் நம் கணக்கில் வள்ளல். அமெரிக்காவின் அல்புகெர்கி நகரில் 2014-இல், காற்றுப் புகாத கூண்டுகளில் பத்துக் குரங்குகளை வைத்து டீசல் புகையைச் சுவாசிக்க விட்டார்கள். ஃபோக்ஸ்வேகனும் டைம்லரும் பிஎம்டபிள்யூவும் பணம் போட்டு நடத்திய, சுற்றுச்சூழல், உடல்நலம் என்று நீளமாகப் பெயர் வைத்த ஆராய்ச்சி அமைப்பின் ஏற்பாடு. நவீன டீசல் எவ்வளவு தூய்மையானது என்று காட்டுவது நோக்கம். அதற்கு ஃபோக்ஸ்வேகன் ஒரு பீட்டில் காரையே அனுப்பிவைத்தது. அந்தக் காரிலும் அந்த மென்பொருள் இருந்தது. அது உருளைமேல் நின்றது, பெரியவர்கள் பார்க்கிறார்கள் என்று புரிந்துகொண்டது, குரங்குகளுக்கு நல்ல புகையாகவே கொடுத்தது. சாலையோரம் நடந்துபோன மனிதர்களுக்கு வாய்க்காத காற்று அது. குரங்குகளுக்குப் பொழுது போக வேண்டுமே என்று தொலைக்காட்சியில் கார்ட்டூன் படமும் போட்டார்கள். பேகனே ஆனாலும் போர்வையோடு நிறுத்திக்கொண்டான். மயிலுக்குக் கூத்துக் காட்டவில்லை. 2018 ஜனவரியில் இந்தக் கொடை செய்தியானபோது, நிறுவனத்தில் விடுப்பில் போனவர் வெளியுறவுக்கும் நிலைத்தன்மைக்கும் பொறுப்பான அதிகாரி. விசாரணை முடிந்து சில மாதங்களில் பணிக்குத் திரும்பிவிட்டார்.

மனிதர்களுக்குக் கொடுத்ததற்கும் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் விற்ற 26 லட்சம் கார்களின் கூடுதல் புகையால் ஐரோப்பாவில் ஏறக்குறைய 1,200 பேர் ஆயுள் முடியும் முன்பே இறப்பார்கள் என்று 2017-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் கணித்தார்கள். அவர்களில் ஜெர்மானியர் சுமார் 500 பேர். மீதிப்பேர் போலந்து, பிரான்ஸ், செக் குடியரசு என்று அண்டை அயலார். சொந்த நாட்டார், பிற நாட்டார் என்று பிரித்துப் பார்க்காத நெஞ்சு.

தலைமையைச் சொல்லாமல் விட்டால் பாட்டுடைத் தலைவன் இல்லாத பரணியாகிவிடும். மார்ட்டின் வின்டர்கார்ன். 2011 ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் ஹூண்டாய் காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, இதில் கடகடவென்ற சத்தமே வரவில்லையே, நம்மால் ஏன் முடியவில்லை என்று உடன் வந்தவர்களை அவர் உலுக்கிய காட்சி இணையத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டியாளரின் ஸ்டீயரிங்கில் எழாத ஒலிகூடக் கேட்கிற காது. அந்தக் காதுக்கு, தன் சொந்த ஆலையின் 1.1 கோடி கார்களில் என்ன ஓடுகிறது என்பது மட்டும் எட்டவில்லை. 2015 செப்டம்பர் 23 அன்று பதவி விலகும்போது, தன் தரப்பில் தவறு எதுவும் தனக்குத் தெரியவில்லை என்றார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் பெற்றது ஏறக்குறைய 1.6 கோடி யூரோ. அவ்வளவு சம்பளம் வாங்குகிறவரிடம் சின்ன விஷயங்களையெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று கீழே இருந்தவர்கள் காட்டிய மரியாதையை நாம் மெச்ச வேண்டும். அவர்மீதான வழக்கு 2024 செப்டம்பரில் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றத்தில் தொடங்கி, அவர் வீட்டில் விபத்துக்குள்ளானதால் சில வாரத்தில் நின்றது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்திருக்கிறார். அதே நீதிமன்றம் 2025 மே மாதம் முன்னாள் மேலாளர்கள், பொறியாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. இருவருக்குச் சிறை, இருவருக்கு நிறுத்திவைத்த தண்டனை.

அடுத்து வந்த தலைவர் மத்தியாஸ் முல்லர் பணிவில் ஒருபடி மேல். 2016 ஜனவரியில் அமெரிக்க வானொலியில் அவர் சொன்னதன் பொருள்: நாங்கள் பொய் சொல்லவில்லை, கேள்வி முதலில் எங்களுக்குப் புரியவில்லை. ‘உங்கள் கார் எவ்வளவு புகை விடுகிறது?’ என்ற கேள்வி கடினமானதுதான். அமெரிக்கக் கிளையின் தலைவரோ நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, இது ஓரிரு மென்பொருள் பொறியாளர்கள் செய்த காரியம் என்று சொல்லியிருந்தார். அந்த ஓரிருவருக்குச் சிலை வைக்க வேண்டும். ஏழெட்டு ஆண்டுகள், 1.1 கோடி கார்கள், யாருக்கும் தெரியாமல்!

விளம்பரங்கள் தனிப் புராணம். 2010-இல் அமெரிக்காவின் சூப்பர் பௌல் ஆட்டத்தின்போது ஃபோக்ஸ்வேகன் குழுமத்து ஆடி நிறுவனம் ஒரு படம் போட்டது. பச்சைப் போலீஸ் என்று ஒரு படை, பிளாஸ்டிக் பை வாங்கியவரையும் குப்பையைத் தரம் பிரிக்காதவரையும் பிடித்துக்கொண்டு போகும். சோதனைச் சாவடியில் ஏ3 டீசல் கார் வந்ததும் நீங்கள் போகலாம் ஐயா என்று வழிவிடும். அந்தக் கார் அவ்வருஷத்துப் பசுமைக் கார் விருதை வேறு வாங்கியிருந்தது. முந்தைய வருஷம் ஜெட்டா டீசல். குட்டு உடைந்தபின் விருதுகள் இரண்டும் திரும்பிப் போயின. படத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நிஜ வாழ்விலும் எல்லாச் சோதனைச் சாவடியிலும் அந்தக் காருக்கு வழிவிட்டார்கள்.

இவர்கள் குணத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஒற்றுமை. நம் ஊரில் ஒரே தெருவில் இரண்டு பிரியாணிக் கடைக்காரர்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். ஜெர்மனியில் டைம்லர், பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வேகன், அதன் வீட்டுப் பிள்ளைகளான ஆடி, போர்ஷே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, யூரியாக் கரைசல் தொட்டியின் அளவு என்ன, சட்டம் கேட்பதற்கு மேல் யாரும் சுத்தம் செய்து மற்றவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதுவரை பேசி முடித்திருக்கிறார்கள். கூடுதலாகச் சுத்தம் செய்யத் தொழில்நுட்பம் கையில் இருந்தும்! இதற்காக ஐரோப்பிய ஆணையம் 2021-இல் ஃபோக்ஸ்வேகனுக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் போட்டது. டைம்லர் முதலில் போய்ச் சொல்லிவிட்டதால் அதற்கு அபராதம் இல்லை. எந்தக் குடும்பத்திலும் ஒருவர் இப்படி இருக்கத்தான் செய்கிறார்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய பொது நிறுவனங்கள் சுற்றுச்சூழல், ஊழியர் நலன், மனித உரிமை பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று 2017-இல் ஜெர்மனி சட்டம் கொண்டுவந்தது. தணிக்கையாளர் அந்த அறிக்கை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது சட்டப்படி அவருடைய கட்டாயக் கடமை அல்ல. அந்த மென்பொருளை எழுதியவர் யாரோ, சட்டத்தை எழுதியவரின் ஒன்றுவிட்ட சகோதரராக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கொடையின் அளவைப் பார்த்தால் தலை சுற்றும். அமெரிக்காவில் 2016-இல் முதல் சமரசம் மட்டும் 1,470 கோடி டாலர் வரை. அதில் 270 கோடி காற்றைச் சீராக்கும் அறக்கட்டளைக்கு, 200 கோடி மின்வாகன வசதிகளுக்கு. 2017 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மேலும் 430 கோடி. இன்று அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மின்கார் ஓட்டிகள் சார்ஜ் போடும் எலக்ட்ரிஃபை அமெரிக்கா நிலையங்கள் அந்த 200 கோடியில் முளைத்தவை. திரும்ப வாங்கிய சுமார் மூன்று லட்சம் கார்களை 37 இடங்களில், பாலைவனத்திலும் பாழடைந்த விளையாட்டரங்கிலும், வரிசை பிசகாமல் நிறுத்திவைத்தார்கள். வள்ளல் தன்மை எல்லாருக்கும் ஒரே அளவில் போவதில்லை என்பதும் இங்கேதான் தெரியும். அமெரிக்க வாடிக்கையாளருக்குக் காரின் விலையும் அதற்கு மேல் ஆயிரக்கணக்கில் டாலரும். ஐரோப்பாவின் 85 லட்சம் கார்களுக்கு ஒரு மென்பொருள் மாற்றம்; 1.6 லிட்டர் எஞ்சின் என்றால் கூடவே வலை வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய். ஜெர்மன் வாடிக்கையாளர்கள் இழப்பீடு கேட்டு வழக்காடி, நிறுவனம் நல்லொழுக்கத்துக்கு முரணாக வேண்டுமென்றே தீங்கு செய்தது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2020 மே மாதம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு நிறுவனம் எவ்வளவு திருந்தியது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். வோல்ஃப்ஸ்பர்க் ஆலை 1973 முதல் கார்களோடு கரிவூர்ஸ்ட் என்ற மசாலாத் தொத்திறைச்சியும் தயாரிக்கிறது. அதற்கு 199 398 500 ஏ என்று உதிரிபாக எண்ணே உண்டு. சில ஆண்டுகளில் ஃபோக்ஸ்வேகன் பெயரில் விற்ற கார்களைவிட இது அதிகம் விற்றிருக்கிறது. 2021-இல், சுற்றுச்சூழலை மனத்தில் கொண்டு, தலைமையகக் கட்டடத்தின் உணவகத்தில் இதை நிறுத்தினார்கள். ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் ஷ்ரோடரே கொதித்தெழுந்தார். தொழிலாளியின் தெம்பு அது என்றார். நைட்ரஜன் ஆக்சைடுக்காக இவ்வளவு உரக்கக் குரல் கொடுத்த முன்னாள் சான்சலர் யாரும் என் நினைவில் இல்லை. 2023-இல் தொத்திறைச்சி திரும்பி வந்தது.

கடைசியாக, நம் பங்கு. 2015 டிசம்பரில் இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திருத்தத்துக்காக அழைத்தார்கள். சாலையில் ஓட்டிப் பார்த்த ஆய்வு நிறுவனம் வரம்பைவிட 1.1 முதல் 2.6 மடங்கு வரை புகை என்றது. நிறுவனம் அமைதியாக, இந்தியாவில் சாலைச் சோதனைக்கென்று விதியே கிடையாது, எனவே மீறலும் கிடையாது என்றது. முற்றிலும் சரி, அப்படி ஒரு விதி இங்கே வந்ததே 2023 ஏப்ரலில்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் இரண்டு மாதத்தில் அதன்மேல் கையை வைத்துத் தடுத்தது.

அந்த அருமையான மென்பொருள் நம் ஊருக்கு வந்து வீணாகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம். பெட்ரோல் பங்க் ஓரத்துப் புகைப் பரிசோதனை நிலையத்தில் டீசல் வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, புகை எவ்வளவு கருப்பு என்று மட்டும் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு பற்றிப் பேச்சே இல்லை. கேட்காத கேள்விக்கு எந்த மென்பொருள் பதில் சொல்லும்? போதாததற்கு, வண்டி அந்தப் பக்கமே வராமல் எண்ணை மட்டும் சொல்லிச் சான்றிதழ் வாங்கித் தருகிறவர்களும் இங்கே உண்டு. ஜெர்மனிக்காரர்கள் பாவம், 1.1 கோடி காரையும் சோதனைக்குத் தயார்செய்து அனுப்பினார்கள்.